ஜெர்மனியில் இருக்கும் நண்பனை வாட்ஸாப்பில் தேற்றுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். கல்லூரி நண்பர் ஒருவர் மேற்படிப்புக்காக ஜெர்மனி போயிருக்கிறார். ஒரு கட்டாயப் பாடத்தில் இரண்டாவது முறையும் தேறவில்லை. ஊரில் நிலத்தை வைத்து எடுத்த கல்விக் கடன் தலைக்கு மேல் நிற்கிறது. நம்மூர் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி உங்களுக்கு எழுதுகிறார். நீங்கள் திருப்பூரில் இருந்துகொண்டு "கவலைப்படாதடா, எல்லாம் சரியாயிடும்" என்று தட்டுகிறீர்கள். "ம்" என்று பதில் வருகிறது. அப்புறம் ஒன்றுமில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. "என்ன எழுதினால் அவனுக்கு ஆறுதலாக இருக்கும்?" என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. நான் எழுதுவது அவனிடம் போய்ச் சேர்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டாவதிலிருந்து தொடங்கினால் முதலாவதற்கும் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நான் உளவியல் படித்தவன். சென்னையில் ஒரு தன்னார்வ அமைப்பில் முதலில் தொலைபேசியிலும் பிறகு மின்னஞ்சல், சாட் வழியாகவும் வருகிறவர்களுக்குக் காது கொடுத்துவந்தேன். இப்போது அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். மனநல மருத்துவர் இல்லை. அதனால் உங்கள் நண்பருக்கு இருப்பது மனச்சோர்வு நோயா, தேர்வில் தோற்றவருக்கு வரும் துக்கமா என்பதை நான் சொல்ல முடியாது. நாலு மெசேஜைப் படித்துவிட்டு அதைச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. எழுத்தில் தொனி பெரும்பாலும் போய்ச் சேருவதில்லை, ஆனால் சேர்ந்துவிட்டது என்றே எழுதுகிறவர் நம்புகிறார். 2005இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் இன்னும் சிலரும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் எதிராளிக்குத் தெரிவிக்க வேண்டும், பாதிப் பேர் பேசி, மீதிப் பேர் மின்னஞ்சலில். நூற்றுக்கு 78 அளவில் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரு தரப்புமே எதிர்பார்த்தது. குரலில் கேட்டவர்கள் ஏறக்குறைய 73 வரை வந்தார்கள். படித்தவர்கள் 56. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வந்துவிடும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, படித்தவர்களும் தாங்கள் சரியாகப் புரிந்துகொண்டோம் என்றே நினைத்தார்கள் என்பது. இரண்டு பக்கமும் சந்தேகமே இல்லாமல் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்ளலாம்.

உங்கள் "எல்லாம் சரியாயிடும்" உங்கள் மனதுக்குள் தோளில் கை போட்டபடி சொன்ன மாதிரி ஒலிக்கிறது. அங்கே அந்தக் கை இல்லை, வெறும் வரி மட்டும் போய் இறங்குகிறது. மூன்றாவது முறையும் தோற்றால் படிப்பையே விடவேண்டி வரலாம் என்று தெரிந்தவருக்கு, "சரி, இந்தப் பேச்சை இதோடு முடித்துக்கொள்ளலாம்" என்று அது கேட்கக்கூடும். (பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் இதுதான் விதி. ஒரு கட்டாயத் தேர்வில் மூன்று வாய்ப்பும் போனால் அந்தப் படிப்பில் தொடர முடியாது. நம்மூர் அரியர் மாதிரி எழுதிக்கொண்டே இருக்க முடியாது. "அடுத்த தடவை அடிச்சுத் தூக்கிடலாம் மச்சி" என்று நீங்கள் எழுதியிருந்தால் அது அவரை ஏன் இன்னும் அமுக்கியிருக்கும் என்று இப்போது புரியும்.)

போனில் பேசும்போது எதிராளி பேசப் பேச நாம் "ம்... ம்... அப்புறம்?" என்று போட்டுக்கொண்டே இருக்கிறோமே, பாதி ஆறுதல் அதில்தான் இருக்கிறது. யோசனையே சொல்லாமல் அரைமணி நேரம் "ம்" கொட்டிவிட்டு வைத்தால்கூட அவர் "உன்கிட்ட பேசினது நல்லா இருந்துச்சுடா" என்பார். எழுத்தில் அது முழுசாகக் காணாமல் போகிறது. நீங்கள் கவனமாகப் படித்துக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடமும், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு சீரியல் பார்க்கும் ஐந்து நிமிடமும் அவர் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். 2014இல் வாட்ஸாப் நீல டிக்கைக் கொண்டுவந்த பிறகு இது இன்னும் மோசமானது. படித்துவிட்டான், பதில் இல்லை என்பது இப்போது கண்ணுக்கே தெரிகிறது. "டைப்பிங்" என்று வந்து, நின்று, மறுபடி வந்து, கடைசியில் "சரிடா" என்று மட்டும் வந்து விழுந்தால் அந்த நேரத்தில் அவர் என்னவெல்லாம் கற்பனை செய்துகொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் புதியவர்களுக்கு நான் முதலில் பழக்குவது, மௌனத்தைக்கூட எழுதிவிட வேண்டும் என்பதைத்தான். "படிச்சுட்டேன்டா. அவசரமா ஏதாவது சொல்ல விரும்பல. பத்து நிமிஷம் குடு." இப்படி ஒரு வரி போட்டுவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் அவர்கூட இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். பத்து நிமிடம் என்று சொன்னால் பத்தில் வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

இவ்வளவும் படித்தால் எழுத்து சுத்த வீண் என்று தோன்றும். அப்படியானால் உலகம் முழுக்க உதவி அமைப்புகள் ஏன் எழுத்துக்கும் வந்தன? லண்டனில் 1953இல் தொலைபேசியோடு தொடங்கிய சமாரிட்டன்ஸ், 1994லேயே மின்னஞ்சலிலும் பதில் எழுத ஆரம்பித்துவிட்டது. சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்னேஹாவுக்கும் மின்னஞ்சலில் எழுதலாம். காரணம் எளிது. வாய்விட்டுச் சொல்ல முடியாததை மனிதர்கள் எழுதிவிடுகிறார்கள். எதிரில் முகம் இல்லை, குரல் உடைந்தால் கேட்க ஆளில்லை, பக்கத்து அறையில் தூங்குகிறவருக்குக் கேட்காது. ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் இதை விரிவாக எழுதினார். இணையத்தில் கூச்சம் கழன்றுவிடுகிறது, அதனால் வசைபாடவும் செய்வார்கள், அடிமனதில் கிடப்பதைக் கொட்டவும் செய்வார்கள். என் அனுபவமும் அதுதான். தொலைபேசியில் சுற்றிச் சுற்றி வந்து கடைசி நிமிடத்தில் சொல்லும் விஷயத்தை மின்னஞ்சலில் மூன்றாவது வரியிலேயே எழுதியவர்கள் உண்டு, குறிப்பாக ஆண்கள். ஆகவே உங்கள் நண்பர் போனை எடுக்காமல் மெசேஜ் மட்டும் போடுவதை உங்களை விலக்குகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு இப்போது திறந்திருக்கும் கதவு அதுவாக இருக்கலாம். பேசினால் அழுதுவிடுவோம் என்ற பயம்கூட இருக்கலாம்.

சரி, என்ன எழுதுவது? ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இரவு ஒன்றே காலுக்கு இப்படி ஒரு மெசேஜ் வருகிறது: "இன்னிக்கும் அப்பா போன் பண்ணாரு. எக்ஸாம் நல்லா போச்சுன்னு சொல்லிட்டேன். முடியலடா." வழக்கமாக நாம் போடும் பதில்கள் தெரிந்தவைதான். "விடுடா, அப்பாகிட்ட உண்மையச் சொல்லிடு." இது யோசனை, அவர் கேட்கவில்லை. "உன்னவிட கஷ்டப்படுறவன் எத்தன பேர் இருக்கான்." இது அடி. "நீ ஸ்ட்ராங்கான ஆள் மச்சி." இது பாராட்டு மாதிரி தெரியும். ஆனால் இனிமேல் பலவீனத்தைக் காட்டாதே என்றும் சொல்லிவிடுகிறது. நான் எழுதுவதாக இருந்தால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்: "அப்பாகிட்ட பொய் சொல்ல வேண்டி வந்ததுதான் இன்னிக்கு ரொம்ப வலிக்குதோன்னு தோணுது. 'இன்னிக்கும்'னு எழுதியிருக்க. தினமும் இப்படித்தான் போகுதா?" அவர் எழுதியதிலிருந்தே ஒன்றை எடுத்து, அதை நீங்கள் படித்தீர்கள் என்பதைக் காட்டி, பிறகு ஒரு கேள்வி கேட்கிறீர்கள். ஊகித்ததை ஊகமாகவே வைக்கிறீர்கள். "தோணுது" என்று இருப்பதால் தப்பென்றால் அவர் "இல்லடா, அது இல்ல" என்று திருத்தலாம். அப்படித் திருத்தினால் சந்தோஷப்படுங்கள். உங்கள் வரி போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. தலையெழுத்தே என்று "ஆமா" போடுவதைவிட "அது இல்ல" பல மடங்கு மேல். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். சேர்ந்ததா என்று ஊகிக்க வேண்டாம். அவர் எளிதாகத் திருத்தும்படி எழுதுங்கள், அவர் பதிலே காட்டிவிடும்.

ஒரு மெசேஜுக்கு ஒரு கேள்வி போதும். மூன்று கேள்வியை அடுக்கினால் கடைசியில் இருப்பதற்கு மட்டும் பதில் வரும், அல்லது "ம்" வரும். அவர் எந்த அளவில் எழுதுகிறாரோ ஏறக்குறைய அந்த அளவில் எழுதுங்கள். இரண்டு வரிக்கு நீங்கள் இருபது வரி அனுப்பினால் அதைப் படிப்பதே அவருக்கு ஒரு வேலை. அவர் கனமான விஷயத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுகிறார் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள், கொஞ்சம் தள்ளி நின்று சொல்ல அது உதவுகிறது போலிருக்கிறது. அவர் எதையோ எழுதிவிட்டு அழித்திருந்தால், "என்ன டிலீட் பண்ண?" என்று துருவாதீர்கள். "ஏதோ எழுதி எடுத்துட்ட போல. அவசரமில்ல, தோணும்போது சொல்லு" என்பது போதும். யோசனை சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் முதலில் கேளுங்கள்: "நான் சும்மா கேக்கணுமா, இல்ல சேர்ந்து ஏதாவது யோசிக்கலாமா?" எமோஜியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உதவுமா கெடுக்குமா என்று அடித்துச் சொல்லும்படியான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. கும்பிடும் கை எமோஜி நமக்கு நன்றியும் ஆகும், "ஆளை விடு சாமி"யும் ஆகும் என்பதால் நான் தவிர்த்துவிடுவேன். குரல் பதிவு அனுப்பலாமா என்றால், நல்ல இடைவழி. அவர் பேச வேண்டியதில்லை, உங்கள் தொனி மட்டும் போய்ச் சேரும். முப்பது நொடிக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் தினமும் இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். அமெரிக்காவில் அமண்டா ரோஸ் 2002இல் பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தபோது ஒன்றைக் கண்டார். இரண்டு நண்பர்கள் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டே இருந்தால் நட்பு நெருக்கமாகிறது, கூடவே மனச்சோர்வின் அறிகுறிகளும் அதிகமாகக் காணப்படுகின்றன. இருபத்தைந்து வயது ஆண்களின் வாட்ஸாப் பேச்சுக்கும் இது அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம், அதை நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சாட்டில் இந்தச் சுழலை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கு முடிவு கிடையாது. போனில் "சரி, வைக்கிறேன்" என்று ஒன்று இருக்கிறது, சாட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் முடிவை நீங்கள்தான் வைக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே. "இன்னிக்கு ஒரு மணிவரைக்கும் இருப்பேன்டா. நாளைக்கு உனக்கு அங்க சாயங்காலம் ஆறு மணி இருக்கும்போது நானே மெசேஜ் போடறேன்." அங்கே குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறார்கள். அவருக்கு மாலை ஆறு என்பது உங்களுக்கு குளிர்காலத்தில் இரவு பத்தரை, கோடையில் ஒன்பதரை. இரண்டு பேருக்கும் தூக்கம் கெடாத நேரம் அது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் நீங்கள் தூங்கிப்போவதைவிட இது அவருக்குப் பெரிய பிடிமானம்.

இப்போது கடினமான பகுதி. "நான் இல்லாம போயிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒருமுறை எழுதியதாகவும், நீங்கள் "லூசு மாதிரி பேசாதடா" என்று போட்டுவிட்டுப் பேச்சை மாற்றியதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயந்ததாகவும். அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஆதாரம் அதற்கு எதிராக இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 2,342 பள்ளி மாணவர்களிடம் மேட்லின் கூல்டும் சகாக்களும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது நல்லதாகவே பட்டது. பிறகு வந்த ஆய்வுகளும் அதே திசையில்தான் இருக்கின்றன. ஆகவே கேளுங்கள், சுற்றி வளைக்காமல்: "செத்துடலாம்னு தோணுதாடா? நேராக் கேக்கறேன், நீ என்ன சொன்னாலும் கோபப்பட மாட்டேன்." ஆம் என்று வந்தால் இன்று ராத்திரி ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்லாத" என்று அவர் சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். "உன் உயிர் சம்பந்தப்பட்டதுன்னா நான் ஆளைக் கூப்பிடுவேன்டா, உன்கிட்ட சொல்லிட்டுத்தான் கூப்பிடுவேன்" என்பது நேர்மையான பதில்.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் தூரம் உதைக்கிறது. ஜெர்மனியில் அவசர எண் 112. இந்தியாவிலும் 112தான். திருப்பூரில் உட்கார்ந்து 112 அடித்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும், அவர்களால் அங்கே ஆம்புலன்ஸ் அனுப்ப முடியாது. அதனால் அவர் தங்கியிருக்கும் முழு முகவரி, அறை எண், கூட இருப்பவர் அல்லது அதே ஊரில் இருக்கும் நம்மூர் பையன் ஒருவரின் எண், அந்த ஊர்க் காவல் நிலையத்தின் +49இல் தொடங்கும் முழு எண், இவை உங்களிடம் முன்பே இருக்க வேண்டும். அமைதியான ஒரு நாளில் "பார்சல் அனுப்பணும்" என்று பொய் சொல்லி வாங்காதீர்கள், "ஏதாவதுன்னா தெரிஞ்சுக்கணும்டா" என்றே கேளுங்கள். அங்கே 1956இல் பெர்லினில் தொடங்கிய டெலிஃபோன்சேல்சோர்கே என்ற இலவச உதவிச் சேவை 0800 1110111 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கும், சாட்டிலும் மின்னஞ்சலிலும் எழுதலாம். பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். மாணவர்களுக்கு அதைவிட வசதியானது, பல்கலைக்கழக ஊர்களில் ஷ்டுடியரண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் உளவியல் ஆலோசனை. பல ஊர்களில் ஆங்கிலத்திலும் உண்டு. மூன்றாவது வாய்ப்புத் தேர்வைப் பற்றிய குழப்பத்துக்குப் பல்கலைக்கழகத்தின் படிப்பு ஆலோசகர் தனியாக இருப்பார். உங்கள் நண்பர் இந்தியாவில் இருந்திருந்தால் டெலிமானஸ் 14416 என்று சொல்லியிருப்பேன். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவிச் சேவை, தமிழில் பேசலாம். அந்த எண் உங்களுக்கும்தான். நண்பரைத் தாங்கிக்கொண்டிருக்கிறவருக்கும் அங்கே காது கொடுப்பார்கள்.

கடைசியாக, சாட்ஜிபிடியிடம் அவர் மெசேஜைக் கொடுத்து நல்ல பதிலாக எழுதி வாங்கி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு இதில் இரண்டு தயக்கம். ஒன்று, அவர் உங்களை நம்பி எழுதியதை வேறொரு இடத்தில் ஒட்டுகிறீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்கள் குரூப்பில் போட்டு "என்னடா சொல்றது" என்று கேட்பதும் இதே வகைதான். இரண்டாவது, 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கோக்கோ என்ற மனநல உதவிச் சேவை ஏறக்குறைய 4,000 பேருக்கு இயந்திரத்தின் துணையோடு எழுதிய ஆறுதல் வரிகளை அனுப்பியதாக அதன் நிறுவனரே சொன்னார். மனிதர்கள் தனியே எழுதியதைவிட அவற்றுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்ததாம், ஆனால் இயந்திரமும் சேர்ந்து எழுதியது என்று தெரிந்ததும் அது எடுபடவில்லை என்றார். ஒழுங்கான ஆய்வாக நடந்ததில்லை, சர்ச்சையும் ஆனது, அதனால் இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனால் ஐந்து வருடமாக உங்களை அறிந்தவர் அவர். எழுத்துப் பிழை இல்லாமல், பத்தி பிரித்து, "உன் உணர்வுகள் முற்றிலும் நியாயமானவை" என்று உங்களிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தால் அடுத்த நொடியே "டேய், யாருடா இத எழுதினது?" என்று கேட்டுவிடுவார். "என்ன சொல்றதுன்னு தெரியலடா, ஆனா படிச்சுட்டேன், இங்கதான் இருக்கேன்" என்று உங்கள் பாஷையிலேயே போடுங்கள்.